அக்கா நடத்திய உப்புப் பாடம்

நம் காலத்தில் மாதிரிப் பள்ளியில் படித்தவர் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்குப் பசுமாட்டுப் பாடம் மறந்திருக்காது. எனக்கு அந்தப் பாடத்தை ஒரே வருஷத்தில் ஒன்பது பேர் நடத்தினார்கள். ஒன்பது தடவையும், பசுவுக்கு எத்தனை கால் என்று கேட்டபோது, தெரியாதவர்கள் மாதிரி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கை தூக்கினோம். உடனே கை தூக்கினால் பாடம் சீக்கிரம் முடிந்துவிடும். டீச்சருக்கு மார்க்கு குறையும். அதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. வாத்தியாரம்மா ஆவதற்குப் பயிற்சிக்கு வந்த பெண்கள் பாடம் சொல்லிப் பழக வேண்டும், பழகுவதற்குப் பிள்ளைகள் வேண்டும், அதற்காகவே வைத்திருந்த பிள்ளைகள் நாங்கள்.

அப்படிப் பழக வந்தவர்களில் ஒருத்தி என் அக்கா. அவளுக்கு நேர்ந்ததை இத்தனை வருஷத்தில் நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் பிள்ளைகளுக்குப் பாதி தெரியும். மீதியை என் வயதுக்காரர்களிடம்தான் சொல்ல முடியும் என்று தோன்றுகிறது.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்க இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. எங்கள் ஊர் இளம்பிள்ளை. வீட்டில் மூன்று தறி. தறி ஓடுகிற வீட்டில் யாரும் யார் பேச்சையும் காதால் கேட்பதில்லை. வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நூல் வேண்டுமென்றால் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிக் காட்டுவோம். சோறு ஆகிவிட்டது என்றால் ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோவோம். அம்மா என்னைப் பெற்றெடுத்த கையோடு போய்விட்டாள். அவள் வைத்திருந்த கைச் சைகைகள் சில எங்கள் வீட்டில் அப்படியே இருந்தன என்று அப்பா சொல்லுவார்.

அக்கா சேலத்தில் மாமா வீட்டில் இருந்து எட்டாம் வகுப்புப் பாஸ் செய்தவள். எங்கள் தெருவில் அவ்வளவு படித்த பெண் அவள் ஒருத்திதான். பதினாறில் கட்டிக்கொடுத்தார்கள். அடுத்த வருஷமே அந்த வீட்டில் விஷ ஜுரம் புகுந்தது. பதினோராம் நாள் அத்தான் செத்துப்போனார். அக்கா பிழைத்தாள். ஆனால் இரண்டு காதிலும் சீழ் வடிந்துகொண்டே இருந்தது. அப்பா போய் அவளைக் கூட்டிவந்தார். சீழ் நின்றது, அக்கா தறிக்கு உட்கார்ந்தாள், நாங்கள் நல்லதாகிவிட்டது என்று நினைத்தோம்.

அமாவாசை அன்று எங்கள் தெருவில் தறி ஓட்ட மாட்டார்கள். அப்படி ஓர் அமாவாசையில், தெருவே ஓய்ந்திருந்தபோது, பாவு நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த அக்காவை அப்பா பின்னாலிருந்து கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டார். மூன்றாம் தரம் அவர் கத்தியதில் எதிர் வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். அக்கா தலை குனிந்தபடி சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா அவள் முன்னால் போய் உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்தார். அவள் நிமிர்ந்து, "ஏனுங்கப்பா?" என்றாள்.

அதற்குப் பிறகும் அவளை டிரெயினிங் பள்ளியில் சேர்த்தார் அப்பா. அதை வைராக்கியம் என்பதா, கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் இறங்கியது என்பதா என்று எனக்கு இன்றும் தெரியாது. "என்ற புள்ள எட்டாவது படிச்சது தறிக்குழியில உக்காரவா?" என்று அவர் யாரிடமோ கேட்டது நினைவிருக்கிறது. சேருவதற்கு டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். டாக்டர் அக்காவை எதிரே உட்காரவைத்து நாக்கைப் பார்த்தார், கண் இமையைப் பிதுக்கிப் பார்த்தார், ஏதாவது வியாதி உண்டா என்று கேட்டார். அவர் உதட்டைப் பார்த்து அக்கா, "இல்லீங்க" என்றாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

முதல் வருஷம் அவள் தனியாகச் சமாளித்தாள். புத்தகப் பாடம்தான், பக்கத்தில் இருந்தவள் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டாள். கூப்பிட்டால் திரும்பாததால் தலைக்கனம் பிடித்தவள் என்று பேர் வாங்கினாள். இரண்டாம் வருஷம் பிள்ளைகளுக்கு நேராக நின்று பாடம் நடத்த வேண்டும். அது தன்னால் தனியே ஆகாது என்று கோடை விடுமுறையில் அப்பாவிடம் சொன்னாள். விடுதியில் விதவைகள் தங்களோடு ஒரு குழந்தையை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. தாயில்லாத பிள்ளை என்று சொல்லி என்னை மாதிரிப் பள்ளியின் மூன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள்.

பள்ளி வாசலில் அப்பா என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"சாமி, அக்காளுக்கு நீதான் காது. புள்ளைங்க என்ன சொல்லுதுங்கன்னு நீ கேட்டுக் காட்டிக் குடுக்கோணும். வெளங்குதா?"

"வெளங்குதுங்கப்பா."

"ஆருகிட்டயும் சொல்லிப்போடாத. சொன்னீன்னா அக்கா பொழப்பு போயிரும்."

நான் தலையாட்டினேன். எட்டு வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்லிவிட்டு அவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து இளம்பிள்ளைக்குப் போய்விட்டார். என் பேரப்பிள்ளைகளுக்கு எட்டு வயது ஆனபோதெல்லாம் அவர்களைப் பார்ப்பேன். கையில் கொடுத்த பால் தம்ளரைக் கூடச் சிந்தாமல் கொண்டுபோகத் தெரியாது.

அந்தப் பள்ளியின் வாசனை சுண்ணாம்புக் கட்டியும் ஈரச் சாக்கும் கலந்தது. கரும்பலகை துடைக்க நனைத்த சாக்குத் துண்டுகள் ஜன்னலில் காயும். பயிற்சிக்காரர்கள் ஒவ்வொருவரும் களிமண்ணில் காய், பழம் செய்து வெயிலில் காயவைத்திருப்பார்கள். சுருட்டி எடுத்துப்போகிற துணிக் கரும்பலகை ஒன்று ஒவ்வொருவருக்கும் உண்டு. மற்றவர்கள் கடையில் வாங்கினார்கள். அக்கா, எங்கள் வீட்டுத் தறியில் நெய்த கனத்த துணிக்குக் கஞ்சி போட்டு, கரியை அரைத்துப் பூசி, தானே செய்தாள். அவளுடையது மடிப்பு விழாது.

பாடக் குறிப்பு நோட்டை இப்போதைய டீச்சர்கள் எப்படி எழுதுகிறார்களோ தெரியாது. அப்போது ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து படி. ஆயத்தத்தில் தொடங்கித் தொகுத்துக் கூறலில் முடியும். ஒரு பக்கம் கேள்வி. எதிர்ப்பக்கம் 'எதிர்பார்க்கும் விடை'. அக்கா அந்த எதிர்ப்பக்கத்தைத்தான் அதிக நேரம் எழுதுவாள். ஒரு கேள்விக்குப் பிள்ளைகள் என்னென்ன சொல்லக்கூடும், தப்பாகச் சொன்னால் எப்படிச் சொல்லுவார்கள் என்று எட்டுப் பத்து எழுதி, ஒவ்வொன்றையும் என்னைச் சொல்லச் சொல்லி என் வாயைப் பார்த்து மனசில் போட்டுக்கொள்வாள்.

என் இடம் முதல் வரிசையில் இடது ஓரம். பிள்ளை சரியாகச் சொன்னால் நான் சிலேட்டின் மேல் கை வைப்பேன். தப்பென்றால் காதைத் தொடுவேன். அக்காவின் குரல் தணிந்துபோனால் சடையை முன்னால் இழுத்துப் போடுவேன். தன் குரல் எவ்வளவு என்று அவளுக்கே தெரியாது. யாராவது முணுமுணுத்தால், "டீச்சர், அவ என்னமோ கேக்கறாளுங்க" என்று எழுந்து நின்று நானே அதைத் திரும்பச் சொல்லுவேன். நான் அதிகப்பிரசங்கி என்று வகுப்பில் பேராகிவிட்டது.

ஒரு தரம் வழுக்கிவிட்டது. பசுமாட்டுப் பாடம்தான். பால் எங்கிருந்து வருகிறது என்று அக்கா கேட்டாள். மடி என்று சொல்ல வேண்டிய பெண் விளையாட்டாக, "படி" என்றாள். உதட்டில் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். நான் காதைத் தொடுவதற்குள் அக்கா, "சரி, ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டாள். வகுப்பு சிரித்தது. சிரிப்பு அவள் கண்ணுக்குத் தெரியும். என்னைப் பார்த்தாள். நான் எழுந்து, "பால் படியில இருந்து வருதுங்களாமா டீச்சர், அவ சொல்றா" என்றேன். "ஓகோ, அளக்கறதுக்குத்தானே படி" என்று அக்காவும் சிரித்துச் சமாளித்தாள். அன்றைக்கு விடுதிக்குப் போனதும் 'மடி', 'படி' என்று என்னை மாறி மாறிச் சொல்லச் சொல்லி, விளக்கு அணைக்கும் வரை என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வருஷம் பயிற்சிக்கு வந்த நாற்பது பேரில் அவளைப் போல் நடத்தியவர் இல்லை. மற்றவர்கள் நோட்டைப் பார்ப்பார்கள், பலகையைப் பார்ப்பார்கள், பின்னால் மார்க்குப் போடுகிறவரைப் பார்ப்பார்கள். அக்கா பிள்ளைகளின் முகத்தைத்தான் பார்ப்பாள். பதில் சொல்கிறவள் அருகிலேயே போய் நின்று, அவள் சொல்லி முடிக்கும் வரை வாயிலிருந்து கண்ணை எடுக்க மாட்டாள். நம்மை ஒருவர் அப்படிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். திக்கிப் பேசுகிற பெண் ஒருத்தி இருந்தாள். அக்காவின் பாடத்தில் மட்டும்தான் அவள் கை தூக்குவாள்.

எல்லோரும் பெரிய டீச்சரம்மா என்று கூப்பிட்ட தலைமை ஆசிரியைக்கு ஐம்பது வயது இருக்கும். கிழக்கே கீழ்ச்சீமைக்காரர், பேச்சு எங்களைப் போல இருக்காது. அவர் ஒருநாள் மற்ற பயிற்சிக்காரர்கள் எதிரில் அக்காவைக் காட்டி, "இவளைப் பார்த்துக் கத்துக்கோங்க. பிள்ளை சொல்றதை எப்படிக் கேக்கறா பாருங்க" என்றார். நான் அப்பாவுக்கு எழுதிய கார்டில் அதை எழுதினேன்.

எனக்கு அங்கே சிநேகிதி கிடையாது. இடைவேளையில் மற்றப் பிள்ளைகள் புளியமரத்தடியில் ஆடும்போது நான் அக்காவின் பக்கத்தில் நிற்பேன். யாராவது அவளைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் அவள் புடவையைச் சுண்டி இழுக்க வேண்டும். வகுப்பிலும் மற்றவர்கள் வாயையே பார்த்துப் பழகியதால், அக்கா பாடம் இல்லாத வேளையிலும் என் கண் சிலேட்டில் நிற்காது. பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில், கணக்குப் போடாமல் வேடிக்கை பார்த்தேன் என்று மூன்றாம் வகுப்பு டீச்சர் என் உள்ளங்கையில் ஆறு அடி கொடுத்தார். பிரம்பு கட்டை விரலின் அடியில் பட்டுத் தோல் பிய்ந்தது.

சாயங்காலம் விடுதிக்கு ஓடினேன். அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து பாடக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். "அக்கா" என்றேன். அழுதுகொண்டே மறுபடியும் கூப்பிட்டேன். அவளுக்குக் கேட்காது என்று எனக்குத் தெரியாதா? உலகத்தில் என்னை விட அது நன்றாகத் தெரிந்தவர் யார்? இரண்டு எட்டு நடந்து அவள் தோளைத் தொட்டிருக்கலாம். நான் தொடவில்லை. வாசலிலேயே நின்று, அவள் திரும்புகிறாளா என்று பார்த்துக்கொண்டு, அழுது முடித்தேன். அவள் இங்க்குப் புட்டியை நகர்த்திவைத்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டினாள். அந்த முதுகின் மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போதும் என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடிகிறது.

மறுநாள் இடைவேளையில் நான் அக்காவிடம் போகவில்லை. புளியமரத்தடிக்குப் போனேன். எங்கள் வகுப்பில் ஜவுளிக்கடைக்காரர் மகள் ஒருத்தி உண்டு. எந்த ஆட்டத்திலும் அவள்தான் ஆள் பிரிப்பாள். புண்ணான என் கையைப் பிடித்துப் பார்த்து ஊதிவிட்டாள். அவ்வளவு பிரியமாக யாரும் என் கையைத் தொட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

"ஏம்புள்ள, உங்கக்கா பாடம் நடத்தறப்ப நீ எதுக்குக் காதத் தொட்டுத் தொட்டுக் காட்டற?" என்று கேட்டாள்.

நான் சொல்லிவிட்டேன். முதலில் ஒரு வாக்கியம்தான் சொன்னேன். அவள் கண் விரிந்ததைப் பார்த்ததும் மீதியையும் சொன்னேன். வாயைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள் என்பது வரைக்கும் சொன்னேன்.

"சும்மா வாய மட்டும் அசைச்சாக்கூடத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்படீன்னா ஒரு நா பாக்கலாம்."

கெடுதல் செய்ய வேண்டும் என்று அவளுக்கு எண்ணம் இல்லை. எங்களுக்கு அது ஓர் ஆட்டம். தினமும் யாராவது ஒருத்தி வந்து எங்கள் மேல் பாடம் பழகிப்போவாள். எங்களிடமும் அவர்களை வைத்து ஆட ஆட்டங்கள் இருந்தன. ஒருத்தி எத்தனை தடவை 'ஆகவே' சொல்கிறாள் என்று எண்ணுவோம். இதுவும் அது மாதிரிதான். அன்று முழுக்க நான் புளியமரத்தடியில் ஆடினேன். ஆட்டத்தில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் அக்காவுக்கு விமரிசனப் பாடம். ஒருத்தி பாடம் நடத்த, மற்ற எல்லாப் பயிற்சிக்காரர்களும் வகுப்பின் பின்பக்கம் பெஞ்சு போட்டு உட்கார்ந்து குற்றம் குறை எழுத வேண்டும். முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து அதைப் படிப்பார்கள். பரீட்சைக்கு இன்ஸ்பெக்டரம்மா வருவதற்கு முன் அதில் தேற வேண்டும். அக்காவுக்குக் கிடைத்தது உப்புப் பாடம். கல் உப்பு ஒரு தட்டில், கண்ணாடித் தம்ளரில் தண்ணீர், ஒரு கரண்டி, கடற்கரை உப்பளத்தைச் சாக்கட்டியில் வரைந்த சுருட்டுப் பலகை. வெள்ளைப் புடவையைக் கஞ்சி போட்டுக் கட்டியிருந்தாள். பெரிய டீச்சரம்மா பின்னால் சுவரோரம் நாற்காலியில் இருந்தார். அவர்களுக்கெல்லாம் எங்கள் முதுகுதான் தெரியும்.

ஆயத்தம் ஒழுங்காக நடந்தது. இன்று காலையில் என்ன சாப்பிட்டீர்கள், அதில் ருசிக்கு என்ன போட்டார்கள் என்று கேட்டாள். இரண்டு பேர் சத்தமாகவே பதில் சொன்னார்கள். அப்புறம் தட்டைக் கையில் எடுத்து, "இது எங்கே கிடைக்கிறது?" என்றாள். ஜவுளிக்கடைப் பெண் எழுந்து நின்றாள். நன்றாக வாயைத் திறந்து, சத்தம் இல்லாமல், "கடலில் டீச்சர்" என்று அசைத்தாள்.

"ரொம்ப சரி. உட்காரு" என்றாள் அக்கா.

அடுத்தவளும் அப்படியே. அதற்கடுத்தவளும். அக்கா தம்ளர்த் தண்ணீரில் உப்பைப் போட்டுக் கலக்கிக் கொண்டுவந்து ஒவ்வொருத்திக்கும் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு, நக்கிப் பார்க்கச் சொன்னாள். "எப்படி இருக்கு?" "கரிக்குது டீச்சர்" என்று ஒரு வரிசையே வாயை அசைத்தது. "ஆமாம், கரிக்கிறது. சபாஷ்." அறையில் அக்காவின் குரல் மட்டும் இருந்தது. அவள் கேட்டாள், பாராட்டினாள், உட்காரச் சொன்னாள், அடுத்தவளைக் கேட்டாள். இடையிடையே வெளியே யாரோ ராட்டினத்தில் தண்ணீர் இழுப்பது கேட்டது. பின்னால் பயிற்சிக்காரர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் பென்சில் சத்தமும் இல்லை.

திக்கிப் பேசுகிற பெண்ணும் வாயை அசைத்தாள். சத்தமில்லாமல் பேசும்போது அவளுக்குத் திக்கவில்லை.

அக்காவுக்கு ஏதோ சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். முகங்கள் கொஞ்சம் அதிகமாகப் பளபளத்தன. என் பக்கம் வந்தாள். என் கை சிலேட்டின் மேலும் இல்லை, காதிலும் இல்லை. மடியில் கோத்து வைத்திருந்தேன்.

"நீ சொல்லு பார்க்கலாம். தண்ணீரில் போட்ட உப்பு எங்கே போயிற்று?"

எழுந்து நின்றேன். சத்தமாகச் சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு குரலே மற்றவர்களை நிறுத்தியிருக்கும். ஜவுளிக்கடைப் பெண் பக்கவாட்டில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்து, சத்தம் இல்லாமல், "கரைஞ்சு போச்சுங்க டீச்சர்" என்றேன்.

அக்கா "சபாஷ்" என்று சொல்லவில்லை. என் வாயைப் பார்த்தவள், கொஞ்சம் கீழே, என் தொண்டையைப் பார்த்தாள். தறி வீட்டில் வளர்ந்தவளுக்குக் குரல் எடுத்துப் பேசுகிற தொண்டை எப்படி அசையும் என்று தெரியும். அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. நிமிர்ந்து பின்வரிசையைப் பார்த்தாள். மற்ற முப்பத்தொன்பது பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய டீச்சரம்மா எழுந்து நின்றிருந்தார்.

அக்கா தம்ளரை மேஜையில் வைத்தாள். கரும்பலகைக்குத் திரும்பி, பாடத்தின் கடைசிப் படியை, நான்கு வரியை, அவளுடைய முத்து முத்தான எழுத்தில் எழுதினாள். உப்பு கடல் நீரிலிருந்து கிடைக்கிறது. உப்பு வெண்மையானது. உப்பு கரிக்கும். உப்பு நீரில் கரையும். ஒவ்வொரு வரியையும் குச்சியால் தொட்டு வாசித்தாள். எங்களைத் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை. சாக்குத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, பெரிய டீச்சரம்மாவைப் பார்த்துக் கும்பிட்டாள். அதற்குள் பிள்ளைகளில் ஒருத்தி அழ ஆரம்பித்திருந்தாள். அது நான் இல்லை.

அன்று விமரிசனம் படிக்கவில்லை. ஆனால் முதல் ஐந்து நிமிஷத்துக்குள் எழுதி முடித்த ஒருத்தியின் நோட்டை நான் பெரிய டீச்சரம்மாவின் மேஜையில் பார்த்தேன். 'குரல் தெளிவு. எழுத்து நன்று. வகுப்பில் அமைதி மிக நன்று' என்று இருந்தது.

என்னை அவருடைய அறையில் நிற்கவைத்துக் கேட்டார்கள். எதையும் மறைக்கத் தோன்றவில்லை. அப்பாவின் பேச்சு வரைக்கும் சொன்னேன். யார் வெளியே சொன்னது என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை. டாக்டரை வரவழைத்தார்கள். இந்தத் தரம் அவர் அக்காவுக்குப் பின்னால் நின்று பள்ளிக்கூடத்துக் கைமணியை ஆட்டினார். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழைய சர்டிபிகேட்டை அடித்து, தகுதியில்லை என்று எழுதினார்.

இரண்டு நாளில் அப்பா வந்தார். தோள் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூஞ்சியப் பாத்துப் பேசுனா எல்லாமே அவளுக்கு வெளங்குமுங்க. நீங்களே ஒசத்தியா நடத்தறான்னு சொன்னீங்களாமுங்க."

"சொன்னேன். இப்பவும் சொல்றேன்" என்றார் பெரிய டீச்சரம்மா. பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, நிறுத்தி நிறுத்திப் பேசினார். "நாளைக்கு ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நீ ஒருத்திதான் டீச்சர். ஒரு பிள்ளை கொல்லையில் கிணத்துல விழுந்து கத்தறது. உனக்குக் கேக்குமா?"

அக்கா அவர் வாயிலிருந்து கண்ணை எடுத்து, அப்பாவை ஒரு தரம் பார்த்தாள்.

"கேக்காதுங்க" என்றாள். பிறகு, "அன்னைக்கி நடத்துன பாடத்தப் புள்ளைங்களக் கேட்டுப் பாருங்க. ஒருத்தி தப்பாச் சொன்னாலும் நான் போயிடறேன்" என்றாள்.

பெரிய டீச்சரம்மா எங்கள் வகுப்புக்கு வந்து கேட்டார். எல்லோரும் சத்தமாக, ஒரு தப்பும் இல்லாமல் சொன்னோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு போய்விட்டார். மேலே எழுதிக் கேட்டார்கள் என்று நினைக்கிறேன். முடியாது என்று பத்து நாளில் பதில் வந்தது.

கிணற்றைப் பற்றி அவர் கேட்டது நியாயமான கேள்விதான். அதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். ஆனால் அதே செட்டில், சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியிலேயே தூங்கிப்போகிற ஒருத்தி இருந்தாள். திக்குகிற பெண்ணைப் போலப் பேசிக்காட்டி வகுப்பைச் சிரிக்கவைக்கிற ஒருத்தி இருந்தாள். அவர்களிடம் யாரும் கிணற்றைப் பற்றிக் கேட்கவில்லை. இருவரும் தேறி, எருமப்பட்டிப் பக்கம் ஒருத்தியும் வேறெங்கோ ஒருத்தியுமாக வேலைக்குப் போனார்கள்.

நாங்கள் பங்குனியில் ஊருக்குத் திரும்பினோம். அப்பா அக்காவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. என்னையும் சொல்லவில்லை. பொறாமை பிடித்த எவளோ காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று சாகும் வரை நம்பினார். அக்கா தறிக்குழியில் இறங்கினாள். ஆறேழு மாதம் கழித்து, எங்கள் தெருப் பெண் பிள்ளைகள் நாலைந்து பேரை அவர்களுடைய தாய்மார் கூட்டிவந்து, எழுத்துச் சொல்லிக்கொடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். அக்கா தறியை நிறுத்தாமல் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். அதற்கு அடுத்த வருஷம், உள்ளூர்ப் பள்ளியில் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த நான் ஒரு நாள் பின்னக் கணக்கைக் கொண்டுபோய் அவள் முன் நீட்டினேன். "உங்க டீச்சரக் கேளு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அந்த வருஷத்தோடு என் படிப்பும் நின்றது.

என்னை ராசிபுரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். பிள்ளைகள் பிறந்தார்கள், பெரியவர்கள் ஆனார்கள். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அக்கா எனக்குப் பிடித்ததைச் சமைத்துப் போடுவாள். என் பிள்ளைகளைப் பிரியமாக வைத்துக்கொள்வாள். யார் சொன்னது என்று என்றாவது கேட்பாள் என்று நான் காத்திருந்தேன். கேட்டால் சொல்லிவிடலாம். அவள் கேட்கவே இல்லை.

அவளுக்கு அறுபது தாண்டிய பிறகு, ஒரு மத்தியானம், நாங்கள் இருவர் மட்டும் வீட்டில் இருந்தோம். தெரு முழுக்க விசைத்தறி வந்துவிட்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். எனக்கு உடம்பு சரியில்லாமல் போய்த் தேறியிருந்த சமயம். இனிமேல் தள்ளிப்போடக் கூடாது என்று மனசில் இருந்தது.

"அக்கா" என்றேன். என் வாயைப் பார்த்தாள். "அன்னைக்கி உப்புப் பாடத்துல... அந்த ஜவுளிக்கடைப் புள்ளைகிட்ட நாந்தான்..."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

தூக்கத்தில் மூடிய மாதிரி இல்லை. இமை சுருங்க, இறுக்கி மூடியிருந்தாள். கை இரண்டும் மடியில் இருந்தன. நான் எட்டி அவள் கையைத் தொட்டேன். கையை எடுக்கவில்லை, கண்ணையும் திறக்கவில்லை. நான் நிறுத்தாமல் சொன்னேன். பிரம்படி பட்ட அன்று வாசலில் நின்றது, புளியமரத்தடி, கடைசியில் வாயை மட்டும் அசைத்தது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல், அந்த மூடிய முகத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். விசைத்தறிச் சத்தத்தில் எனக்கே என் குரல் சரியாகக் கேட்கவில்லை. சொல்லி முடிக்க வெகு நேரம் ஆயிற்று.

நான் நிறுத்திய பிறகும் அவள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். அப்புறம் மெல்லக் கண்ணைத் திறந்து, என் உதடு இன்னும் அசைகிறதா என்று பார்த்தாள். அசையவில்லை என்று தெரிந்ததும் எழுந்து, சாப்பிட்ட தட்டுகளை எடுத்தாள்.

"ராசிபுரத்து பஸ்ஸு எத்தன மணிக்கி, கண்ணு?" என்று கேட்டாள்.